ஆங்கில ‘ஹேவ்’ லத்தீனிலிருந்து வந்ததா?

ஆங்கில ‘ஹேவ்’, ஜெர்மன் ‘ஹாபென்’ ஆகிய வினைகள், அவற்றைப் போலவே உடைமையைக் குறிக்கும் லத்தீன் ‘ஹபேரே’யிலிருந்து பிறந்தவை என்று பரவிவரும் கூற்று தவறானது. பொருளும் ஓசையும் இத்தனை நெருக்கமாக இருக்கையில் நம்பத் தோன்றுவது இயல்பே. ஆனால் 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானியக் குடும்ப மொழிகளில் சொல்லின் முதலில் நிற்கும் ‘ஹ’, அவற்றுக்கும் லத்தீனுக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘க’ ஒலியிலிருந்து வந்தது; லத்தீனில் அந்த ‘க’ அப்படியே நின்றது. கொம்பைக் குறிக்கும் லத்தீன் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’, நூறைக் குறிக்கும் ‘கென்டும்’ என்பதற்கு இணை ‘ஹண்ட்ரட்’. ஆகவே ‘ஹேவ்’ என்பதன் உண்மையான லத்தீன் உறவு, பற்றுதலைக் குறிக்கும் ‘கபேரே’. பற்றியது கைவசம் இருக்குமல்லவா, பொருள் அவ்வழியே நகர்ந்தது. எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இது. பழைய ஜெர்மானிய மொழியான கோத்தியத்தின் நான்காம் நூற்றாண்டு விவிலியத்தில் ‘ஹேவ்’ என்பதற்கு இணையான வினை நிகழ்காலத் தன்மை ஒருமையில் ‘ஹபா’ என்றும், இறந்தகாலத்தில் நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலி கொண்ட விகுதி ஏற்று ‘ஹபைதா’ என்றும் திரிகிறது. ஆங்கில ‘ஹேட்’ என்பதன் இறுதி ஒலி அவ்விகுதியின் எச்சமே.