லாரியில் இருந்த தலைப்பாகைக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டில், முதல் உலகப்போரைப் பற்றிய ‘1917’ என்ற ஆங்கிலப் படத்தை மறுபடியும் பார்த்தோம். சேறு, எலி, பிணம், முள்கம்பி என்று நெஞ்சை அடைக்கிற படம். நடுவில் லாரி சேற்றில் சிக்கி, வீரர்கள் இறங்கித் தள்ளுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சீக்கியரும் இருப்பார். அவரைப் பார்த்ததும் கூட இருந்தவர், “இப்பல்லாம் எல்லாப் படத்துலயும் கணக்குக்கு ஒருத்தனைச் சேர்த்துடுறானுங்க” என்றார்.

2020இல் ஓர் ஆங்கில நடிகரும் கிட்டத்தட்ட இதையே சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்னதைவிட, புதுச்சேரிக்காரர் ஒருவர் வாயிலிருந்து இது வந்ததுதான் எனக்கு வலித்தது.

முதல் உலகப்போருக்காக இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் தாண்டிப் போனார்கள். 70,000 பேருக்கு மேல் திரும்பவேயில்லை. காலாட்படையில் பெரும்பகுதியை 1915 கடைசியில் பிரான்சிலிருந்து வேறு களத்துக்கு மாற்றிவிட்டாலும், இந்தியக் குதிரைப்படை 1918 வரை அங்கேதான் இருந்தது. படத்தின் கதை நடப்பது 1917 ஏப்ரலில். சரி, இந்தியர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தப் படைப்பிரிவில்தான் இருந்தார்கள், வெள்ளைக்காரர்களோடு ஒரே லாரியில் ஒரு சீக்கியர் தனியாளாக வந்திருப்பாரா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அப்படியானால் அந்தப் படைப்பிரிவையே காட்டியிருக்க வேண்டும். என் குறையும் அதுதான். அவர் யார், எந்த ஊர், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று எதுவும் தெரிவதற்குள் லாரி போய்விடுகிறது.

நம் கடற்கரைச் சாலையில் துப்பாக்கியோடு தலைகுனிந்து நிற்கிற அந்தச் சிலையைத் தினமும் தாண்டித்தான் நடைப்பயிற்சி போகிறோம். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் அதே போரில் மடிந்தவர்களுக்காக 1938இல் திறந்துவைத்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று விளக்குப் போட்டால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீடு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு. அந்த வீட்டுத் தாத்தா பட்டாளத்தோடு இந்தோசீனா வரை போனவர். கூடத்தில் தொப்பியும் சீருடையுமாக அவர் படம், வெள்ளிக்கிழமையானால் அதற்கு ஒரு முழம் பூ. பதக்கங்களை ஆயா பிஸ்கட் டப்பாவில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். “சண்டையைப் பத்தி வாயே தொறக்க மாட்டாருடா. ராத்திரியில மழை பேஞ்சா மட்டும் எழுந்து ஒக்காந்துக்குவாரு. விடியிற வரைக்கும் படுக்க மாட்டாரு” என்பார். எத்தனையோ போர்ப் படம் பார்த்துவிட்டேன். அந்த மழை இரவை ஒன்றிலும் பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் கதையும் இப்படித்தான். 415 கிலோமீட்டர் பாதை போட மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துப்போன தமிழர்கள் காலராவிலும் பசியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அங்கே இறந்த போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள் பல மடங்கு. ஆனால் அந்தப் பாதையை வைத்து 1957இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் பிரிட்டிஷ் கைதிகளைச் சுற்றியே நகர்கிறது. எடுத்தது இலங்கையில், தமிழரும் வாழும் மண்ணில்.

கணக்குக்குச் சேர்த்தார்கள் என்று சொன்ன நண்பரை அடுத்த ஞாயிறு கடற்கரைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். உங்கள் வீட்டில் சீருடையோடு தாத்தா படம் ஏதாவது மாட்டியிருந்தால் இங்கே போடுங்கள். பெயரும், எந்தச் சண்டைக்குப் போனார் என்பதும் தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். அந்த நண்பரிடமும் காட்ட வேண்டும்.