ஓசிஐ அட்டை இருந்தால் இந்திய அணியில் ஆடலாமா?

"தாத்தா தஞ்சாவூர்க்காரர் என்றால் போதும், சிங்கப்பூர், மலேசியாவில் பிறந்த பேரன் ஓசிஐ அட்டையைக் காட்டி இந்தியக் கால்பந்து அணியில் ஆடலாம், ரயன் வில்லியம்ஸ் வரவில்லையா?" மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. ஓசிஐ என்பது இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை.

தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கு ஆட உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருகிறது, அது சரி. ஆனால் முதலில் அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். ஓசிஐ குடியுரிமை ஆகாது. அதை வைத்து இங்கே ஓட்டுக்கூடப் போட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கே தேசிய அணி என்று 2008-இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. இரட்டைக் குடியுரிமையும் நம்மிடம் கிடையாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்த கால்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸின் தாய் மும்பையில் பிறந்தவர். அப்படியிருந்தும் ஆஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட்டு, 2025-இல் இந்தியக் குடியுரிமை பெற்ற பிறகுதான் அவர் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு வந்தார். ஜப்பானில் பிறந்து 2013-இல் இந்தியாவுக்கு ஆடிய இசுமி அரடாவும் அப்படித்தான்.

அப்புறம், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தாத்தாவுக்குப் பிறப்புச் சான்று 'தயார் செய்யலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாத்தா பாட்டி பிறந்த இடத்தைப் போலி ஆவணத்தில் காட்டிய விவகாரத்தில், 2025 செப்டம்பரில் மலேசிய அணியின் 7 பேருக்கு ஃபிஃபா தடை விதித்தது.