பதிவேட்டில் உண்டு, நாட்டில் இல்லை

"முகாம்காரங்களுக்கு என்ன குறை, மாசாமாசம் பணம் வருதே" என்று மதுரையில் கேட்பவர்களுக்காக இது.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழருக்கு மாநில அரசு உதவித்தொகையும் வீடும் தருகிறது. நல்ல காரியம். ஆனால் ஓர் அரசாணையில் வந்தது இன்னோர் அரசாணையில் போகலாம். அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகள் (சமத்துவம், உயிர், உடல் சுதந்திரம்) குடிமக்கள் அல்லாதவரையும் காக்கின்றன. பேச்சு, கூட்டம், விரும்பிய ஊரில் குடியிருப்பது, விரும்பிய தொழில் செய்வது எல்லாம் 19-இல் இருக்கின்றன. அது குடிமக்களுக்கு மட்டும்.

குடியுரிமைக்குப் பிறந்த தேதிதான் முதல் கேள்வி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் அகதிகளானாலும் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உத்தரவிட்டது நம் உயர் நீதிமன்றக் கிளைதான். இந்த வயதுக்காரர்கள் முதலில் பிறப்புச் சான்று எடுங்கள். பதிவே ஆகவில்லையென்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வேண்டும். முகாம் அட்டையிலும் பள்ளிச் சான்றிலும் பெயர் வேறுவேறாக இருந்தால் அதை முன்கூட்டியே சரிசெய்யுங்கள். ஆதார் இங்கே உதவாது. அது வசிப்பவருக்கான எண், குடியுரிமைச் சான்று அல்ல.

1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக இருக்கக் கூடாது. போருக்குத் தப்பி பாஸ்போர்ட் இல்லாமல் படகேறியவர்கள் மேல் குத்தப்படும் முத்திரை அது. முகாமில் பெண் எடுத்த மதுரைக்காரரின் பிள்ளையும் இதில்தான் மாட்டுகிறது. விண்ணப்பித்துப் பெறும் வழியையும் அதே முத்திரை அடைத்துவிடுகிறது. நாற்பது வருடம் இங்கே இருந்தாலும் கணக்கில் வராது. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு அந்த முத்திரையிலிருந்து விலக்குக் கொடுத்தது, இலங்கையை விட்டுவிட்டது.

யாரை உள்ளே விடுவது என்பது ஒரு நாட்டின் முடிவு, ஆனால் உள்ளே வாழ்ந்து உழைப்பவரை என்றென்றைக்கும் வெளியாளாகவே வைப்பது கொடுங்கோன்மை என்றார் அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர். 'இவர்கள் நாங்கள் அனுமதித்து வந்தவர்கள் இல்லையே' என்று அரசு இதிலிருந்து நழுவலாம். குடியேற்ற உரிமைகளைப் பற்றி எழுதும் அரசியல் சிந்தனையாளர் ஜோசப் கேரன்ஸ் அந்த வழியை அடைக்கிறார்: வாழ்ந்த ஆண்டுகள் கூடக் கூட உரிமையும் கூடும், வந்த விதம் பொருளற்றுப் போகும். நம் முகாம்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இறங்கிய அன்றே பேர் எழுதி, அட்டை கொடுத்து, மாதந்தோறும் கணக்கெடுத்தது அரசுதானே! கையெழுத்து வாங்கிக்கொண்டே 'நீ சட்டவிரோதம்' என்பது என்ன நியாயம்?

2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. குடியுரிமை தரவில்லை. அதே பதிவேட்டை ஆதாரமாக வைத்து, குடியுரிமைச் சட்டத்திலும் அந்த முத்திரையை நீக்கி விண்ணப்பங்களை வாங்க வேண்டும். மதுரை, விருதுநகர், தேனி எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்.