பொம்மையில் தவறினால் யாரும் சாவதில்லை

டாக்டர்கள் கூடிய அந்தக் கூட்டத்தில் எங்கள் எமர்ஜென்சி துறையைப் பற்றி என்ன பேசினார்கள் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவை அனுப்பி, "மேடம், பார்த்தீங்களா?" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். பேசியவர் பெயரை நான் போடப் போவதில்லை, கமென்ட்டில் நீங்களும் போடாதீர்கள். அறுவை சிகிச்சையில் அவர் பெரிய கை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. "எமர்ஜென்சிக்காரங்க பொம்மையை வச்சு விளையாடிட்டு, அதுக்கு டீச்சிங்னு பேரு வச்சிருக்காங்க" என்றார். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் சிரித்தவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் பேச்சைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு டாக்டர் முதல் தடவை செய்கிற எந்த அவசர சிகிச்சையும் உயிருள்ள மனிதரின் மேல் நடக்கக் கூடாது. மூச்சுக்குழலில் டியூப் போடுவது, நெஞ்சில் டியூப் போடுவது, அடைத்துக்கொண்ட தொண்டையைக் கீறி மூச்சுக்கு வழி செய்வது, ஷாக் கொடுப்பது, எல்லாமே முதலில் பயிற்சிக்கென்று செய்த பொம்மையில். கை பழகும் வரை பொம்மையில்தான். அதற்குப் பிறகு, பக்கத்தில் சீனியர் ஒருவர் நிற்க, நோயாளியிடம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"நாங்கள்லாம் பொம்மை வச்சா கத்துக்கிட்டோம்?" என்று கேட்பார்கள். இல்லைதான். நாம் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று எனக்கும் தெரியும்.

அப்போது நான் ஹவுஸ் சர்ஜன், படிப்பை முடித்துப் பயிற்சியில் இருந்த டாக்டர். ஒரு மாவட்டத் தலைநகரின் பெரியாஸ்பத்திரி, கேஷுவால்டி, நடு ராத்திரி. பூச்சிமருந்து குடித்த ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் நுரை, கண்மணி குண்டூசி முனை அளவு, சேலையெல்லாம் வியர்வை, அறை முழுக்க அந்த நெடி. டியூட்டியில் இருந்த பி.ஜி, அதாவது மேல்படிப்பு டாக்டர், ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். ஒருவர் விஷமுறிவுக்கான அட்ரோபின் ஆம்பியூல்களை உடைத்துக்கொண்டே இருக்க, நான் மாஸ்க் வழியாக மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்தினேன். நெஞ்சு ஏறவில்லை. காற்று மாஸ்க்கின் ஓரம் வழியாகப் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அத்தனை வருஷப் படிப்பில் அந்த மாஸ்க்கை எப்படிப் பிடிப்பது என்று ஒருவரும் என் கையைப் பிடித்துக் காட்டியதில்லை. காட்டியவர் அந்த ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர். "டாக்டர், மாஸ்க்கைக் கீழ அமுக்காதீங்க. தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குக் கொண்டு வாங்க" என்றார். என் சுண்டுவிரலை இழுத்து அந்தப் பெண்ணின் காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்புகிற இடத்தில் வைத்தார். நடுவிரலும் மோதிரவிரலும் எலும்பின் மேல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடித்திருந்தன. அடுத்த அழுத்தில் நெஞ்சு ஏறியது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அதற்கு நான் படித்த கல்லூரி காரணமில்லை. அன்றைய டியூட்டிப் பட்டியலில் அந்தச் சிஸ்டரின் பெயர் இருந்ததுதான் காரணம். ஒரு உயிர் இதை நம்பியா இருக்க வேண்டும்?

நாமெல்லாம் கற்றுக்கொண்டோம், சரி. நாம் கற்றுக்கொள்ள விலை கொடுத்தது யார்? நம்முடைய முதல் தடவைகள் யார் உடம்பில் நடந்தன? பணம் கட்டிப் படுத்திருந்தவர்கள் உடம்பிலா? ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்தவர்களின் உடம்பில். அவர்களில் யார் நம்மால் பிழைத்தார்கள், யார் நம்மால் போனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஊரில் பிள்ளையைக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கும்போதுகூட இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித்தான் இறக்குவார்கள். நம்மை அதுகூட இல்லாமல் இறக்கினார்கள்.

பொம்மை என்று அவ்வளவு இளக்காரமாகச் சொன்னதால் அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் ஸ்டாவங்கர் நகரத்து ஆஸ்மண்ட் லேர்டல் நிஜமாகவே குழந்தைகளுக்குப் பொம்மை செய்து விற்றவர். தண்ணீரில் மூழ்கிய தன் இரண்டு வயது மகனைத் தூக்கி, மூச்சுப்பாதையில் இருந்த தண்ணீரை வெளியேற்றிப் பிழைக்க வைத்த தகப்பன். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையைப் பீட்டர் சஃபார் என்ற டாக்டர் நிறுவிக் காட்டிய காலம் அது. அதை ஜனங்களுக்குப் பழக்க ஓர் உருவம் வேண்டும் என்று மயக்கவியல் மருத்துவர்கள் லேர்டலிடம் போனார்கள். 1960-இல் ரெசஸி ஆன் என்ற பயிற்சிப் பொம்மை வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க சி.பி.ஆர், அதாவது நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முறை, பழகுகிறவர்கள் அந்தப் பொம்மையின் அல்லது அதன் வாரிசுகளின் நெஞ்சில்தான் கை வைக்கிறார்கள்.

சஃபார் அதோடு நிற்கவில்லை. 1966-இல் அவருடைய மகள் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அடுத்த வருஷம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கியபோது, இவர்களுக்கு எந்த வேலையும் வராது என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர்களை அழைத்து, தெருவிலேயே உயிர் காக்கப் பழக்கினார். பின்னால் நான்சி கேரலைன் என்ற டாக்டர் வந்து அவர்களோடு வண்டியில் ஏறிப் போய்க் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை கொடுப்பவர், படிப்புக்கு அடித்தளம் இதுதான். 1975-இல் நகர நிர்வாகம் அதை மூடி, சொந்த சேவையைத் தொடங்கியது. பழகி வந்தவர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கற்பிப்பதில் புதிதாக ஒன்றைச் செய்தவர்களுக்கு எந்த ஊரிலும் மரியாதை உடனே கிடைத்ததில்லை போல.

அடுத்தது, "காசு எங்கே இருக்கு?" வெளிநாட்டுப் பயிற்சிப் பொம்மை பல லட்சம், உண்மைதான். நாங்கள் அதைக் கேட்கவில்லையே. கறிக்கடையில் ஆட்டின் மூச்சுக்குழலைக் குரல்வளையோடு வாங்குகிறோம். முதல் தடவை போனபோது கடை பாய், "சூப்புக்கா டாக்டரம்மா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகு அவரே கத்தி படாமல் முழுசாக எடுத்து வைக்கிறார். அதன் மேல் கோழித்தோலை இழுத்துக் கட்டினால் மனிதக் கழுத்து போலவே கைக்குப் படும். விரலால் பள்ளத்தைத் தேடி, கீறி, டியூப் இறக்க வேண்டும். நெஞ்சு டியூபுக்கு ஆட்டு விலாத் துண்டு. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போடப் பழகக் கடல்பாசியைக் காய்ச்சி, நடுவே ரப்பர் குழாயைப் புதைத்துக் கட்டியாக்கிய அச்சு. இதையெல்லாம் செய்கிறவர்கள் எங்கள் துறையின் உதவிப் பேராசிரியர்கள், தங்கள் சம்பளத்தில். இதைத்தான் விளையாட்டு என்றார்கள்.

"யூடியூபில் எல்லாம் இருக்கே." இருக்கிறது. அதையும் போட்டு வைத்தவர்கள் எமர்ஜென்சி டாக்டர்கள்தான். மைக் காடோகன் போன்றவர்கள் 2012-இல் டப்ளினில் ஃபோமெட் என்று பெயர் வைத்து, அவசர மருத்துவப் பாடங்களை யாரும் காசில்லாமல் படிக்கட்டும் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள். தேனியில் இருக்கும் பி.ஜி ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படிக்கிறான், நானும் படிக்கிறேன். ஆனால் எந்த வீடியோவும் உங்கள் சுண்டுவிரலைப் பிடித்துத் தாடை மூலையில் வைக்காது.

"பொம்மையில் பழகினால் நோயாளிக்கு என்ன லாபம், நிரூபணம் உண்டா?" இது மதிக்க வேண்டிய கேள்வி. பல பயிற்சிகளுக்கு அப்படி நேரடியாக நிரூபிப்பது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிகாகோவில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய், போடுவதைப் பயிற்சி டாக்டர்களுக்குச் சிமுலேட்டரில் முழுத் தேர்ச்சி வரும் வரை பழக்கி, பிறகே ஐ.சி.யூவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாய் உடம்பில் இருக்கும் 1000 நாட்களுக்கு 3.2 ஆக இருந்த ரத்தத் தொற்று 0.5 ஆக இறங்கியது. 2009-இல் வெளியான ஆய்வு. சிரித்தவர்கள் படித்துவிட்டுப் பேசட்டும்.

"வாசலில் நோயாளி வரிசை நிற்கும்போது வகுப்பு எடுப்பீங்களா?" எடுப்போம். வரிசை குறையட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கேஷுவால்டியிலும் யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

நம் ஊரில் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் பணம் இருக்கிறது. 108 வந்தது 2008-இல், அது செய்த நன்மைக்கு நான் சாட்சி. சிகிச்சைக்கும் பணம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. எவ்வளவு பெரிய விஷயம்! வண்டி பறந்து வந்து வாசலில் இறக்கிய பிறகு, அங்கே நிற்கிற இருபத்து மூன்று வயதுக் கைகளுக்கு யார் பழக்கிக் கொடுப்பது? 2019 எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்துக்குப் பிறகு, பொம்மையில் பழகுவதற்கான ஸ்கில் லேப் எல்லாக் கல்லூரிக்கும் கட்டாயம். நான் பார்த்த சில இடங்களில் அதற்குப் பூட்டு தொங்குகிறது, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் பொம்மையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கிறார்கள்.

எங்கள் துறையின் நிலையும் அதேதான். எமர்ஜென்சி மெடிசினைத் தனிச் சிறப்புத் துறையாக இந்திய மருத்துவ கவுன்சில் ஏற்றதே 2009-இல்தான். 2020 விதிகளில் எம்.பி.பி.எஸ் கல்லூரிகளுக்கு இந்தத் துறை கட்டாயம் என்றார்கள். 2023-இல் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று வருஷத்தில் நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் வந்து, "மேடம், எங்களுக்குப் போஸ்ட் இருக்குமா?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர்களில் நல்லவர்கள், கற்பிக்கத் தெரிந்தவர்கள், ஒவ்வொருவராக இங்கிலாந்துக்குப் போகிறார்கள். போகும்போது காலில் விழுந்து ஆசி கேட்கிறார்கள். போகாதே என்று எந்த வாயால் சொல்வது? ப்ரமோஷனுக்கு ஆராய்ச்சிப் பேப்பர் எண்ணுகிறார்கள். ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு மாஸ்க் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது? அதற்குக் கட்டமே கிடையாது.

வருத்தத்தில் எங்கேயோ போய்விட்டேன். எனக்கு விருது வேண்டாம், கூட்டத்தில் மன்னிப்பும் வேண்டாம். முதல் தடவை நோயாளியின் மேல் நடக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக டியூட்டி ரோஸ்டரிலேயே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பயிற்சிக்கென்று எழுதித் தாருங்கள், அந்த நேரத்தில் ஹவுஸ் சர்ஜன்களை வேறு வேலைக்கு இழுக்காதீர்கள் என்று துறையிலிருந்து கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.