ரியாச்சே: பூட்டிய வீடுகளின் சாவி

இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு விற்கிறார்கள் என்ற செய்தி ஆண்டுக்கு ஒருமுறையாவது என் முகநூல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அதன் கீழே "நாமும் போய்விடலாமா" என்று நண்பர்கள் கேட்பதும் தவறுவதில்லை. அந்த விலையோடு வரும் நிபந்தனைகளை மட்டும் யாரும் பகிர்வதில்லை. சிசிலித் தீவின் சாம்புகாவில் 2019-இல் ஏலத்துக்கு வந்த வீடுகளை எடுத்தவர்கள் 5,000 யூரோ முன்பணம் கட்டி, மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவிட்டு அவற்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் இந்த ஏலத்தின் பக்கமே போக முடியாது. விடுமுறைக்கு வந்துபோகிறவர்கள் வாங்கி, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே வைத்திருக்கும் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, ஊர் பிழைத்துவிட்டது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா மாநிலத்தில், ரியாச்சே என்ற ஊர் வேறொரு வழியில் போனது. 1972-இல் அதன் கடலில் இரண்டு கிரேக்க வெண்கலச் சிலைகள் கிடைத்ததால் அந்தப் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். பழைய ஊர் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே குன்றின்மேல் இருக்கிறது. பிழைப்புத் தேடி வடக்கே தூரின், மிலான் நகரங்களுக்கும் கடல் தாண்டியும் மக்கள் போய்விட்டதால் வீடுகள் பாழடைந்து கிடந்தன. 1998 ஜூலையில் குர்து அகதிகளின் படகு ஒன்று அங்கே கரை ஒதுங்கியபோது, பள்ளி ஆசிரியரான தொமேனிக்கோ லுக்கானோவும் நண்பர்களும் அந்த வீடுகளைக் கேட்டால் என்ன என்று யோசித்தார்கள். வெளியூரில் இருந்த உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, வீடுகளைப் பழுது பார்த்து, வந்தவர்களைக் குடியமர்த்தினார்கள். லுக்கானோ 2004 முதல் 2018 வரை அந்த ஊரின் மேயராக இருந்தார்.

இங்கே நான் வியப்பது வீட்டை அல்ல, வீட்டைச் சுற்றி அவர்கள் அமைத்ததை. நெசவு, மண்பாண்டம், கண்ணாடி வேலைப் பட்டறைகள் திறந்தன. அவற்றில் வந்தவர்களும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். வண்டி நுழையாத குறுகிய சந்துகளில் குப்பை எடுக்கக் கழுதைகளை வைத்தார்கள். இயந்திரம் வாங்கும் செலவு மிச்சமானது, சிலருக்குக் கூலியும் கிடைத்தது. பிள்ளைகள் குறைந்து மூடப்படும் நிலையில் இருந்த பள்ளியில் மறுபடியும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அகதி ஒருவருக்கு நாளொன்றுக்கு 35 யூரோ என்ற கணக்கில் அரசு தந்த பணம் பல மாதங்கள் தாமதமாகவே வந்தது. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! ஊருக்குள் மட்டும் செல்லும் சீட்டுகளை நகராட்சி அச்சடித்துக் கொடுத்தது. அவற்றில் காந்தி, சே குவேரா, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் படங்கள் இருந்தன. கடைக்காரர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு ரொட்டியும் பாலும் கொடுத்தார், அரசுப் பணம் வந்ததும் நகராட்சியிடம் மாற்றிக்கொண்டார். அகதிக்கென்று வந்த பணம் அந்த ஊர் மளிகைக் கடையையும் சேர்த்துத்தான் காப்பாற்றியது.

ஆனால் ஊர் முழுவதும் அரசுப் பணம் என்ற ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் அரசு அந்தக் குழாயை மூடியதும் அகதிகளில் பெரும்பாலானோர் வெளியேறினர், பட்டறைகள் சாத்தப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் லுக்கானோ கைதானார். சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவினார், குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை முறையான ஏலமின்றிக் கொடுத்தார் என்பவை அவர்மீதான புகார்கள். 2021-இல் கீழ் நீதிமன்றம் அவருக்கு 13 ஆண்டு 2 மாதச் சிறைத் தண்டனை விதித்தது, அரசுத் தரப்பு கேட்டதைவிடவும் மிக அதிகமாக. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒன்றரை ஆண்டாகக் குறைத்து நிறுத்தியும் வைத்தது. கீழ் நீதிமன்றம் விதித்த அந்தத் தண்டனை கொடுமையானது என்றே கருதுகிறேன். இருந்தும், ஏழைகளுக்காக நடத்தும் காரியத்தில் கணக்குப் புத்தகம் மற்றவர்களுடையதைவிட இருமடங்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிரி முதலில் கைவைப்பது அதில்தான்.

குறைந்த வருமானமுள்ளவர்களுக்காக ஓர் ஊரை மீட்க நினைப்பவர்கள் வீட்டு விலையை முதலில் பேசுவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது. வேலையும் பள்ளியும் கடனுக்குச் சாமான் தரும் ஒரு கடையும் நடந்துபோகும் தூரத்தில் இல்லையென்றால், இலவச வீட்டையும் விட்டுவிட்டுக் குடும்பம் கிளம்பிவிடும். ரியாச்சேயிலிருந்து முன்னொரு காலத்தில் கிளம்பியவர்களுக்கும் சொந்த வீடு இருக்கத்தானே செய்தது.

2019-இல் வந்த புதிய நிர்வாகம், ஊர் முகப்பில் இருந்த "வரவேற்கும் ஊர்" என்ற பலகையை எடுத்துவிட்டு, ஊரின் காவல் புனிதர்களின் பெயரில் வேறொன்றை வைத்தது. 2024 ஜூனில் அதே ஊர்க்காரர்கள் லுக்கானோவை மறுபடியும் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.