ஈரக்குலை எந்த உறுப்பு?

உளவியலாளர் ஒருவர் மேடையில் பேசிய அந்தக் காணொளியை இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "நம்ம மக்களுக்கு உணர்ச்சியைச் சொல்ல வார்த்தையே கிடையாது, உடம்பைத்தான் காட்டுவாங்க." அப்புறம், "ஈரக்குலை நடுங்குதுன்னு ஒரு அம்மா சொல்றாங்க, ஈரக்குலை எந்த ஆர்கன்?" அரங்கமே சிரிக்கிறது. முன்வரிசையில் இருந்த மூத்தவர்களும்தான்.

நான் கோபமாக இல்லை. ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த அம்மா உடம்பைக் காட்டவில்லை. வார்த்தையைத்தான் சொன்னார். நாயைப் பார்த்தால் வருவது பயம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையின் போன் அணைந்து கிடக்கும்போது நடுங்குவது ஈரக்குலை. மனசு விட்டுப்போச்சு, வெறுத்துப்போச்சு, மனசு அடிச்சுக்குது, இதெல்லாம் ஒன்றா? நம்மிடம் ஆலோசனைக்கு வந்தவர் தனித்தனியாகத்தான் சொல்கிறார். உளவியலாளர்கள் நாம்தான் எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டில் 'லோ மூட்' என்று எழுதி மூடுகிறோம். வார்த்தைப் பஞ்சம் யாருக்கு?

யோக்கியர் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எம்.ஃபில். இரண்டு வருடமும் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஒரு பெண் வந்தார். வீட்டை எழுதி வாங்கிக்கொண்ட மகன் பேச்சையே நிறுத்திவிட்டான். "பெத்த வயிறு எரியுதும்மா" என்றார். நான் உடல்சார் அறிகுறிக் கட்டத்தில் டிக் அடித்தேன். அதோடு விட்டேனா? எரிச்சல் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று வேறு கேட்டேன். பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "உனக்குப் புள்ளைங்க இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்பச் சரி" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

இருபத்திரண்டு வருடமாக நான் பாடம் நடத்துவதே அந்த "அப்பச் சரி"க்காகத்தான். முதல் வகுப்பில் முதல் விதி: வந்தவர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்ன மாதிரியே, தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். உங்கள் ஆங்கிலத்தை அதற்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

"இது அறிவியலா, தமிழ்ப் பற்றா?" என்று கேட்பார்கள், தெரியும். நோயாளியிடம் "இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க, எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க" என்று கேளுங்கள் என்று மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளெய்ன்மனும் சகாக்களும் மருத்துவ இதழில் எழுதியது 1978இல். துன்பத்தைச் சொல்ல ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிப் பேச்சு உண்டு என்று மானுடவியலாளர் மார்க் நிக்டர் கட்டுரை எழுதியது 1981இல். அதை அவர் எந்தப் பெண்களிடம் கேட்டு எழுதினார் தெரியுமா? நம் பக்கத்து மாநிலத்தின் தென் கன்னடப் பகுதிப் பெண்களிடம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 அதைச் சேர்த்துக்கொண்டு, பண்பாடு பற்றிக் கேட்க 16 கேள்விகளையும் வைத்தது. அமெரிக்கப் புத்தகத்தில் வந்தால் கோட்பாடு, நம் வீட்டு அம்மா சொன்னால் ஜோக்.

"உணர்ச்சி எல்லா மனிதருக்கும் ஒன்றுதான்." இருக்கட்டும். அதைச் சொல்ல வருகிறவர் எந்த மொழியில் வருகிறார்?

"பண்பாடு என்று சொல்லி அடிக்கிற புருஷனோடு சேர்த்து அனுப்புகிறவர்கள்தானே நீங்கள்?" நான் இல்லை. அப்படி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். இங்கே இழுக்காதீர்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சம்மதம் வாங்கும்போது வந்தவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் நாம் விளக்க வேண்டும். நல்லது. அவர் பேசுவது நமக்குப் புரிய வேண்டும் என்பதை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

கடைசியாக, உள்பெட்டியில் வந்த "மேடை கிடைக்காத பொறாமையா மேடம்?" சரி, கொஞ்சம் பொறாமைதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைதட்டல் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த மேடையில் நின்றவர் என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர். இதை எழுத வேண்டாம் என்றுதான் காலையிலிருந்து இருந்தேன்.

அவருடைய முதல் கேஸ் அறிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் வரியில் மேற்கோள் குறிக்குள், கோணலான கையெழுத்தில், "ஈரக்குலை நடுங்குது சார்." அதற்குக் கீழே ஆங்கிலத்துக்கு விட்ட இடத்தில் ஒரு வார்த்தை எழுதி அடித்திருந்தார். இன்னொன்று எழுதி அதையும் அடித்திருந்தார். கடைசியில் பென்சிலால், "மேடம், இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை."

பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.