செக் எண்ணிலிருந்து வந்த எதிர்காலம்

1960, 70களில் வந்த இங்கிலீஷ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் பேப்பர்பேக் அட்டைகள் என்றாலே எல்லாரும் ஓவியத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். ராக்கெட், இரட்டைச் சூரியன், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நகரம். தலைப்பு எழுத்தை வரைந்தது யார் என்று கேட்பார் இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. இது எந்த மாதிரி எதிர்காலம் என்பதை நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எழுத்துதான்.

அந்த அட்டைகளில் வந்த ‘கம்ப்யூட்டர்’ எழுத்தின் வேர் பேங்க் செக்கில் இருக்கிறது. செக்புக் கையில் இருந்தால் அடிவரியைப் பாருங்கள். சென்னைக் கிளை என்றால் 600 என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண் இருக்கும். அந்த வரியில் 1 வந்தால் அதன் அடி மட்டும் தடித்திருக்கும். 8 வந்தால் கீழ்ப்பாதி பருத்திருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. காந்த மையில் அச்சான எண்கள் மெஷினுக்குள் ஓடும்போது, மை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை வைத்துத்தான் மெஷின் ஒவ்வொன்றையும் அடையாளம் காணும். 1950களில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனமும் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் செக் கணக்கை மெஷினிடம் ஒப்படைக்க முனைந்தபோது பிறந்த முறை இது. பெயர் இ-13பி. பத்து எண்கள், நான்கு குறிகள், அவ்வளவுதான். ஏ, பி, சி கிடையவே கிடையாது.

இல்லாத அந்த ஏ, பி, சியை வரைந்தவர் லியோ மேக்ஸ். 1960களின் நடுவில் லண்டனில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் இருந்தார். ஒரு பத்திரிகைக் கட்டுரைக்கு, பார்த்தாலே எதிர்காலம் என்று தெரிகிற தலைப்பு வேண்டும் என்றார்கள். செக் எண்ணின் சாயலில் வரைந்து கொடுத்தார். அப்புறம் அதோடு விடாமல் முழு எழுத்து வரிசையையும் முடித்தார். எழுத்துருக்களைத் தேய்த்து ஒட்டும் தாள்களாக விற்ற லெட்ராசெட் கம்பெனி வேண்டாம் என்றது. ஃபோட்டோஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கம்பெனி வெளியிட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் பேங்கின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

எழுத்துகளின் அளவு விகிதத்தை அவர் கில் சான்ஸ் என்ற எழுத்துருவிலிருந்து எடுத்தார். என் கண்ணுக்கு அவருடைய கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது. தடித்த கட்டிகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் உள்ளே நிதானமான, நன்றாக வாசிக்க வருகிற எழுத்து நிற்கும். பின்னால் இதைப் பார்த்து வரைந்த பலர் கட்டியை மட்டும் ஒட்டினார்கள், வார்த்தையே வாசிக்க வராமல் போனது.

லெட்ராசெட்டும் சும்மா இருக்கவில்லை. இதே பாணியில் 1965இல் காலின் பிரிக்னலின் கவுண்ட்டவுன், 1970இல் பாப் நியூமனின் டேட்டா 70 என்ற எழுத்துருக்களை வெளியிட்டது. லெட்ராசெட் தாளை அட்டை மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அச்சுக் கோக்க ஆள் தேவையில்லை, சின்னப் பதிப்பகத்துக்கும் கட்டுப்படியாகும்.

இதையெல்லாம் இன்று ‘பழைய கம்ப்யூட்டர் எழுத்து’ என்று சிரிக்கிறார்கள். அன்றைக்குச் சாதாரண மனிதர் யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? அவர் கையில் வந்த கம்ப்யூட்டர் அடையாளங்களில் ஒன்று செக்கின் அடிவரி. அதே உருவத்தில் ஒரு நாவலின் தலைப்பைப் பார்த்தபோது, மெஷின் நம்மையும் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு உறைத்திருக்கும். அதற்கு ஓவியம்கூடத் தேவையில்லை. லண்டன் கோலன்ஸ் பதிப்பகம் பெரும்பாலும் படமே இல்லாத மஞ்சள் அட்டையில் வெறும் எழுத்தை வைத்தே சயின்ஸ் ஃபிக்‌ஷன் விற்றது.

இப்போது மறுபதிப்புகளில் பழைய ஓவியத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தலைப்பை மட்டும் எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவான ஒல்லி எழுத்தில் போடுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியத்தை மீட்கிற அதே அக்கறையோடு எழுத்தையும் மீட்டெடுங்கள். உள்பக்கத்தில் ஓவியர் பெயருக்குக் கீழே எழுத்தை வரைந்தவர் பெயரையும் போடுங்கள்.